பூக்கேட்டு மாற்றிய ஆட்ட விதிகள்

17-4-83, ஞாயிறு

என்னைக் கேட்காமல் என் விதிகளைத் தள்ளிவிட்டார்கள். கோயிலில் பூப்போட்டுக் கேட்டார்களாம். வெள்ளைப் பூ வந்ததாம். நாலு பேர் ஆடும் ஆட்டத்தில் ஒருவனுக்குத் தெரியாமல் மூன்று பேர் செய்த காரியம். இதை முதலில் எழுதிவைக்கிறேன். பின்னால் மறுப்பார்கள்.

வெயில் கடுமை. காலை ஏழு மணிக்கே பஸ்ஸின் கம்பி சுட்டது. ராசிபுரத்திலிருந்து சேலம் வரை நின்றே பயணம். அஸ்தம்பட்டியில் இறங்கி மகள் சரோஜா வீட்டுக்கு நடை. கையில் மஞ்சள் பை. பையில் விதிநோட்டு, தாயக்கட்டை இரண்டு, கண்ணாடி.

உள்ளே போனதும் தெரிந்தது. மேசை மேல் புதுப் புத்தகம். இங்கிலீஷ். மெல்லிய அட்டை, கறுப்பு வானம், ஒரு விண்கலம். பக்கத்தில் வெள்ளை பிளாஸ்டிக் பகடைகள் மூன்று. அனுப்பியது சேகர். என் மகன். சரக்குக் கப்பலில் வேலை. அனுப்பியது எனக்கு அல்ல, அவன் அக்காவுக்கு.

மூன்று வருடம் முன் லீவில் வந்தபோது இந்த ஆட்டத்தைச் சொல்லிக்கொடுத்தவன் அவன்தான். பலகை கிடையாது. ஒருவர் நடுவர், இடத்தை விவரிப்பார். மற்றவர்கள் தங்கள் ஆள் அங்கே என்ன செய்கிறான் என்று வாயால் சொல்ல வேண்டும். எங்கள் ஆட்கள் விண்கலத்தில் கிரகம் கிரகமாகப் போய்ப் பாறையைத் துளைத்துத் தண்ணீர் தேடுகிறவர்கள். அது நான் கொடுத்த தொழில். இருபது வருடம் ரிக் வண்டியில் போர்வெல் போட்டவன் வேறு என்ன கொடுப்பேன்.

சேகர் அன்று புத்தகம் கொண்டுவரவில்லை. ஞாபகத்திலிருந்து சொன்னான், பாதி மறந்துபோய். மீதி விதிகளை எழுதியது யார்? அஞ்சாம் வகுப்போடு நின்றவன். அகராதியை வைத்துக்கொண்டு ரிக் கையேடுகளைப் படித்து இங்கிலீஷ் கற்றவன். 192 பக்க நோட்டு, இரண்டு பக்கமும் எழுதி, மூன்று வருடம். நடுவரும் நானே.

இன்று சரோஜா சொன்னது: "கோவிச்சுக்காதீங்கப்பா. சாமிகிட்டயே கேட்டாச்சு. இனி இந்தப் புத்தகம். நடுவர் நான்."

கம்பவுண்டர் பழனியப்பன் சிரித்தார். தெருமுனை டாக்டரிடம் மருந்து கலக்குகிறவர், எங்கள் நாலாவது ஆள். "உங்க நோட்டுல ஒரு கதவத் தொறக்கறதுக்குள்ள எங்க மூணு பேரு காப்பியும் ஆறிப்போகுதுங்ணா."

அவர் குத்துவது ஏழாம் விதியை. அதை இங்கே மறுபடி எழுதுகிறேன். *ஆழமான புது இடம் எதுவானாலும் ஆள் இறங்குமுன் விளக்கு இறங்க வேண்டும். எரிந்தால் இறங்கலாம். அணைந்தால் காற்று கெட்டது, இறங்கக்கூடாது.* காற்றே இல்லாத நிலாவில் விளக்கு எப்படி எரியும் என்று போன வருடம் கேட்டார். எரியாது, அதனால் இறங்காதே என்றேன். அதற்கும் சிரித்தார்.

மருமகன் நல்லசாமியும் அங்கேதான். என் தங்கை மகன்தான் மருமகன். சிறு வயதிலிருந்தே என் முகத்தைப் பார்த்துப் பொய் சொல்ல வராது. கீழே பார்த்துக்கொண்டிருந்தான்.

ஆடாமல் திரும்பிவிட்டேன். சாப்பிடவும் இல்லை. சரோஜா பஸ் நிறுத்தம் வரை வந்தாள்.

18-4-83, திங்கள்

காற்று இல்லை. வேப்பமரம் அசையவில்லை.

அவர்கள் செய்த தவறுகள்:
1. சொல்லாமல் செய்தது.
2. சாமியை ஆட்டத்துக்குள் இழுத்தது.
3. நோட்டைத் திருப்பிப் படிக்காமலே பழசு என்றது.
4. புத்தகம் வந்து பத்து நாள் ஆகியும் என்னிடம் காட்டாதது.

மத்தியானம் ஐந்தாவதும் தெரிந்தது. என் சம்சாரமும் கூட. பாவாயி சனிக்கிழமை கோயிலுக்குப் போனது மகள் மருமகனோடு. என்னிடம் சொன்னது கம்பு திரிக்க மில்லுக்குப் போவதாக. கேட்டேன். முறத்தைக் கீழே வைக்காமலே பதில் சொன்னாள்.

"நீங்க வந்தா பூசாரிகிட்டச் சண்டைக்கு நிப்பீங்க. அதுக்குத்தான் சொல்லலீங்க."

நிற்பேன்தான். பூப்போடுவது விளையாட்டல்ல. வெள்ளரளி ஒரு பொட்டலம், செவ்வரளி ஒரு பொட்டலம், இலையில் ஒரே மாதிரி மடித்துச் சாமி முன் போடுவது. பூசாரி ஒன்றை எடுப்பார். வெள்ளை வந்தால் சம்மதம். சிவப்பு வந்தால் காரியத்தை விட்டுவிட வேண்டும். கல்யாணத்துக்குக் கேட்பார்கள், நிலம் வாங்கக் கேட்பார்கள். எந்தப் புத்தகத்தின் விதிப்படி விண்வெளியில் போவது என்று கேட்டவர்கள் இந்த ஜில்லாவில் இவர்கள்தான்.

அப்படியே சொன்னேன். பாவாயி முறத்தைத் தட்டிக்கொண்டே சொன்னாள், "அதுக்கு மட்டும் போவோமுங்களா? ரெண்டுக்கும் சேர்த்துத்தான் கேட்டோம். ஆட்டத்துக்கும் கெணத்துக்கும்."

எந்தக் கிணறு என்றேன். தெரிந்துகொண்டே கேட்டேன்.

நல்லசாமியின் தோட்டத்துப் பழைய கிணறு. ராசிபுரத்திலிருந்து இரண்டு மைல். மூன்று வருடமாக யாரும் இறங்காதது. இந்த வருடம் எல்லாக் கிணறும் வற்றியதால் தூர் வாரி அடியில் துளை போடப் போகிறானாம். ஆள் விடுமுன் தானே இறங்கிச் சேறு எவ்வளவு என்று பார்ப்பானாம். வருகிற புதன் விட்டு அடுத்த புதன். 27-ஆம் தேதி.

சோறு இறங்கவில்லை. வெயில் என்று சொன்னேன்.

19-4-83, செவ்வாய்

மாட்டுக்குப் புண்ணாக்கு. கண்ணாடிக் காது கழன்றது, நூல் சுற்றினேன்.

நல்லசாமி தோட்டத்துக்குப் போகும் வழியில் ஸ்கூட்டரை நிறுத்திப் புத்தகத்தைக் கொடுத்துவிட்டுப் போனான். சரோஜா கொடுத்தனுப்பினாளாம், அப்பா படித்துப் பார்க்கட்டும் என்று. வாங்கக்கூடாது என்றுதான் இருந்தேன். குறை கண்டுபிடிக்கவாவது படிக்க வேண்டும். வாங்கினேன்.

அகராதியோடு உட்கார்ந்தேன். மாலைக்குள் 31 பக்கம். ஒப்புக்கொள்ள வேண்டியவை: படம் நன்று. எடை, தூரம், எரிபொருள் அட்டவணைகள் நன்று. என் நோட்டில் எரிபொருள் கணக்கு கொஞ்சம் தப்பு.

ஒப்புக்கொள்ள முடியாதது 31-ஆம் பக்கம். காற்றைச் சோதிக்கும் விதி. ஆட்டக்காரர் சோதிக்கிறேன் என்று சொல்ல வேண்டும். நடுவர் பகடையை மறைத்து உருட்ட வேண்டும். யாருக்கும் காட்டக்கூடாது. எண் நன்றாக விழுந்தால் உள்ளதை உள்ளபடி சொல்லலாம். மோசமாக விழுந்தால் காற்று கெட்டிருந்தாலும் 'நன்றாக இருப்பதாகத் தெரிகிறது' என்றே சொல்ல வேண்டும். சோதனை சரியாக நடந்ததா இல்லையா என்பது இறங்குகிறவனுக்குத் தெரியாது.

நடுவர் பொய் சொல்ல விதியே இடம் கொடுக்கிறது. அநியாயம். என் விதியில் நடுவர் சொன்னால் சொன்னதுதான். விளக்கு எரிகிறது என்றால் எரிகிறது. மூன்று வருடத்தில் என் ஆட்டத்தில் ஒருவன் செத்ததில்லை.

ஓரத்தில் பென்சிலால் 'தவறு' என்று எழுதினேன். எழுத்து கோணல். ஏன்? வெறும் ஆட்டம்.

20-4-83, புதன்

தோட்டத்துக்கு நடந்தே போனேன். பாவாயி தடுத்தாள். போனேன்.

கிணறு எழுபது அடி. முப்பதடி வரை கல்படி. அங்கே ஒரு மேடை, முன்பு ஆயில் எஞ்சின் வைத்திருந்த இடம். அதற்குக் கீழே படி கிடையாது. பாறையில் வெட்டிய கால்வைப்புகள். மேலே வேலிக்கருவை சாய்ந்து வளர்ந்து மூன்று வருடத்து இலை உள்ளே கொட்டியிருக்கிறது.

எட்டிப் பார்க்கவில்லை. பத்தடி தள்ளி நின்றேன். அங்கே நின்றே வாடை வந்தது. அழுகிய இலை, ஈரச் சேறு. அதோடு இன்னொன்று. அது உண்மையில் வந்ததா, என் மூக்கிலேயே இருப்பதா என்று தெரியவில்லை. வரப்பில் உட்கார்ந்துவிட்டேன். ரிக்கில் நானூறு அடிக்குக் குழாய் இறக்கும்போது ஒருநாளும் பயந்ததில்லை. அந்தத் துளைக்குள் ஆள் போக முடியாது, அதனால்தான். கிணறு வெட்டும் தொழிலை விட்டு ரிக்குக்குப் போனது ஏன் என்று இதுவரை என்னை யாரும் கேட்டதில்லை.

நல்லசாமி வந்தான். அடியில் இரண்டடித் தண்ணீர் இருக்கும், எஞ்சினை மேடைக்கு இறக்கி ஓட்டி இறைத்துவிட்டு உடனே இறங்கிப் பார்ப்பது திட்டம் என்றான். எஞ்சின் புகை உள்ளேயே நிற்குமே என்றேன். கிணறு அகலம், போய்விடும் என்றான்.

விளக்கு என்றேன்.

"வெள்ளப் பூ வந்த கெணத்துக்கு வெளக்கு எதுக்குங்க மாமா?" பிறகு என் முகத்தைப் பார்த்தான். "செரி செரி. உங்களுக்கோசரம் ஒண்ணு இறக்கறனுங்க."

உங்களுக்கோசரம்.

திரும்பும் வழியெல்லாம் அந்த வார்த்தைதான். கிழவன் மனம் நோகக்கூடாது என்று ஒரு விளக்கு.

21-4-83, வியாழன்

கோயிலுக்குப் போய்ப் பூசாரியைப் பிடித்தேன். சனிக்கிழமை சரியாக என்ன கேட்டார்கள், ஒரு வார்த்தை விடாமல் சொல்லச் சொன்னேன். அவர் திருநீற்றுத் தட்டைத் துடைத்துக்கொண்டே சொன்னார். கொண்டுவந்த ரெண்டு காரியமும் பண்ணலாமா சாமி, இதுதான் கேட்டது.

இரண்டுக்கு ஒரே பூவா என்றேன்.

"ரெண்டு வாட்டி போட நேரமில்லீங்க. கல்யாணக் கூட்டம் நின்னுட்டிருந்துச்சு. ஏனுங்க, சாமிக்குப் பிரிச்சுப் பாக்கத் தெரியாதுங்களா?"

கிணற்றைப் பற்றி என்ன வார்த்தை என்றேன். தூர் வாரலாமா என்பதுதான். இறங்கலாமா என்று கேட்கவில்லை. எப்போது, எப்படி, யார் என்று கேட்கவில்லை. தூர் வாரச் சம்மதம் தந்தால் அது காற்றுக்கும் பொறுப்பா? ஒரு பூவில் எத்தனை ஏற்றுவார்கள்? பூசாரி கையை விரித்தார். அவர் மேல் தப்பில்லை.

மறுபடி கேட்கலாம் என்று அரளி பறித்தேன். வெள்ளை ஒன்று, சிவப்பு ஒன்று. பூசாரி இலை கொடுத்தார். மடிக்க முடியவில்லை. வெள்ளை வந்தால் நான் என்ன செய்வேன்? சாமியே சொன்ன பிறகும் தடுப்பேனா? சிவப்பு வந்தால் ஆட்டத்தில் தோற்றதற்குக் கிழவன் தனியாகப் போய்ப் பூ மாற்றிவிட்டான் என்பார்கள். நானாக இருந்தாலும் அப்படித்தான் சொல்வேன்.

சும்மா திரும்பினேன். பூ இரண்டும் சட்டைப்பையில். பாவாயி துணி அலசும்போது எடுத்து வெளியே போட்டாள். எது முதலில் வந்தது என்று பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

22-4-83, வெள்ளி

சரோஜாவுக்குச் சீட்டு எழுதி நல்லசாமியிடம் கொடுத்தேன். வாசகம்: 'ஞாயிறு வருகிறேன். ஒரே சுரங்கம். முதலில் என் நோட்டுப்படி, பிறகு உன் புத்தகப்படி. இரண்டையும் ஆடிப் பார்த்த பிறகே முடிவு. பூ முடிவாகாது.'

அவன் அங்கேயே பிரித்துப் படித்துவிட்டுச் சிரித்தான். "எலெக்சன் வெக்கறீங்களா மாமா?"

கிணறு பற்றி ஏதாவது பேசுவேன் என்று நின்றான் போலிருக்கிறது. வாடகைக்கு எஞ்சின் சொல்லிவிட்டேன் என்றான். ஸ்கூட்டர் கிளம்பிவிட்டது.

மண்ணெண்ணெய் வரவில்லை. கடையில் வரிசை. நிற்கவில்லை.

23-4-83, சனி

சுரங்கத்தை வரைந்தேன். யாரும் வாழாத கிரகம், கைவிட்ட சுரங்கம், செங்குத்து. ஆழம் எழுபது அடி. வேண்டுமென்றே. கடைசிப் பத்தடியில் கெட்ட காற்று. நடுவரின் பக்கத்தில் மட்டும் எழுதினேன்.

எழுதிய பிறகு வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். இந்தப் பத்தடி என் கையிலிருந்து தானாக வந்தது.

24-4-83, ஞாயிறு

பஸ்ஸில் உட்கார இடம். அஸ்தம்பட்டியில் நுங்கு விற்றார்கள், வாங்கிப் போனேன். சண்டைக்காரன் வெறுங்கையோடு போகக்கூடாது.

எல்லாவற்றையும் வரிசையாக எழுத வேண்டும்.

முதலில் என் நோட்டு. நான் நடுவர். சுரங்க வாயை விவரித்தேன். கரி வாடை, துருப்பிடித்த ஏணி, அடி தெரியாத இருட்டு. சொல்லி வாய் மூடுமுன் கம்பவுண்டர்: "ஏழாம் விதிப்படி வெளக்கு இறக்கியாச்சுங்க." சொல்லிவிட்டு நுங்கை எடுத்தார். நல்லசாமி, "இறக்கியாச்சு, நான் இறங்கறேன்" என்றான். ஒரு மூச்சில். கோயிலில் சூடம் காட்டும்போது கையைத் தூக்கிக் கும்பிடுவது போல.

'எரிகிறது' என்று நான் சொல்ல வேண்டும். மூன்று வருடமாக எத்தனை முறை சொல்லியிருப்பேன்.

கயிறு எத்தனை அடி என்று கேட்டேன்.

மூவரும் பார்த்தார்கள். கம்பவுண்டர் நுங்கு வாயோடு, "கயிறா? நோட்டுல கயிறு பத்தி ஏதுங்ணா?"

இல்லை. உண்மை. 192 பக்கத்தில் எங்கும் இல்லை. விளக்கு இறங்க வேண்டும் என்று எழுதியிருக்கிறேன். எதுவரை என்று எழுதவில்லை. மறந்ததா, எழுதாமல் விட்டதா?

வேறு வழியில்லை, என் விதிப்படி 'எரிகிறது' என்றேன். நல்லசாமியின் ஆள் இறங்கினான். அறுபதாவது அடி தாண்டினான். என் விதிப்படி அவன் பிழைக்க வேண்டும். என் பக்கத்தில் எழுதியபடி சாக வேண்டும். நோட்டை மூடினேன். செத்துவிட்டான் என்றேன்.

சத்தம். கம்பவுண்டர் இது அழுகுணி ஆட்டம் என்றார். நல்லசாமி கத்தவில்லை. மெதுவாகத்தான் கேட்டான்.

"வெளக்கு எரியுதுன்னு நீங்கதானுங்களே மாமா சொன்னீங்க?"

உட்கார முடியவில்லை. எழுந்து கொல்லைப்பக்கம் போய் முகம் கழுவினேன். சரோஜா பின்னாலேயே வந்து துண்டு கொடுத்தாள். என்னை உற்றுப் பார்த்தாள். கோபம் என்று அவள் நினைத்திருந்தால் நல்லது.

பிறகு அவள் புத்தகம். அதே சுரங்கம். இவர்கள் மறுபடி விளக்கு என்றார்கள். சரோஜா பகடைகளை டம்ளருக்குள் குலுக்கிக் கவிழ்த்தாள். தான் மட்டும் சாய்த்துப் பார்த்தாள். மூடினாள். முகத்தில் ஒன்றும் இல்லை. பேங்கில் காசாளராகக் கூண்டுக்குள் உட்கார்ந்திருக்கும் முகம்.

"எரியற மாதிரித் தெரியுது" என்றாள். "எனக்குச் சொல்ல முடியறது அவ்வளவுதான்."

நல்லசாமி இறங்கறேன் என்று வாயெடுத்து நிறுத்தினான். டம்ளரைப் பார்த்தான். அவள் முகத்தைப் பார்த்தான். பிறகு கேட்டான், "இன்னொருக்கா இறக்கிப் பாக்கலாங்களா அம்மிணி? இன்னும் ஆழமா?"

மூன்று வருடத்தில் யாரும் கேட்காத கேள்வி.

கம்பவுண்டரும் சேர்ந்துகொண்டார். இடுப்புக்குக் கயிறு, மேலே இரண்டு பேர், விண்கலத்திலிருந்து காற்றுக்குழாய். அரை மணி நேரம் வாதாடினார்கள். காப்பி ஆறியது. ஒருவரும் அதைச் சொல்லவில்லை. கடைசியில் இறங்காமலே அடுத்த கிரகத்துக்குப் போய்விட்டார்கள்.

என் விதி இவர்கள் பயத்தை எடுத்துவிட்டது. அந்தப் புத்தகம் பயத்தைத் திருப்பிக் கொடுக்கிறது. பென்சிலால் எழுதிய 'தவறு' என்பதை அழிக்க வேண்டும்.

இதை அங்கே சொல்லவில்லை. பூப்போட்டது தவறு, அது தவறுதான் என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்தேன்.

நல்லசாமி ஸ்கூட்டரில் பஸ் ஸ்டாண்டு வரை கொண்டுவந்து விட்டான். இப்போதாவது கிணறு ஞாபகம் வந்திருக்கும் என்று நினைத்தேன். எஞ்சின் செவ்வாய் சாயந்திரம் வருகிறது என்றான், புதன் காலையில் வாரீங்களா என்றான். டம்ளருக்கு அடியில் இருந்ததற்குப் பயந்தவன், தன் கிணற்றுக்குப் பயப்படவில்லை. அதற்குத்தான் வெள்ளைப் பூ வந்திருக்கிறதே.

25-4-83, திங்கள்

மேகம். மழை இல்லை.

எழுதியே ஆக வேண்டும். இந்த நோட்டில்கூட இதுவரை எழுதாதது.

அப்போது எனக்கு இருபத்தெட்டு வயது. வாழப்பாடிப் பக்கம் ஒரு கிணறு. வெடி வைத்து ஆழமாக்குகிற வேலை. நானும் மாரப்பனும். அவன் என்னைவிட இரண்டு வயது சின்னவன். வெடி போட்டுப் புகை அடங்கியபின் விளக்கு இறக்கினேன். கயிறு பத்தடி குறைந்தது. நீளக் கயிறு வண்டியில். வண்டி காட்டுக்கு அந்தக் கடைசியில், புளியமரத்தடியில். வெயில். போய்வரச் சோம்பல். விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. அறுபதடியில் எரிந்தது.

"எரியுதாண்ணா?" என்றான்.

"எரியுது, எறங்கு" என்றேன்.

கடைசிப் பத்தடியில் கை விட்டது. கூப்பிடக்கூட இல்லை. பக்கத்துக் காட்டுக்காரர் இறங்கப் போனார், பிடித்து இழுத்தோம். நான் செய்த ஒரே நல்ல காரியம்.

ஊர் கேட்டது. அவன் தாய் கேட்டாள். விளக்கு இறக்குவதற்குள் அவசரப்பட்டு இறங்கிவிட்டான் என்றேன். எல்லோரும் நம்பினார்கள். செத்தவன் மேல் பழி போட்டேன். மறுமாதம் அந்தத் தொழிலை விட்டேன். அதற்குப் பிறகு பார்க்கிறவர்களிடமெல்லாம் விளக்கு விளக்கு என்றேன். சொல்லிச் சொல்லி எனக்கே அது உண்மையாகிவிட்டது. ஏழாம் விதியில் கயிறு இல்லாததன் காரணம் அதுதான். மறதி இல்லை.

அந்தக் காலையிலும் பூப்போட்டுத்தான் வேலை தொடங்கினோம். வெள்ளைதான் வந்தது.

எழுதி முடித்து நோட்டை மூடினேன். பாவாயி சுக்குத் தண்ணீர் கொடுத்தாள். என்ன என்றாள். நாளைக்குச் சொல்கிறேன் என்றேன். கல்யாணமாகி முப்பத்தாறு வருடம் பொறுத்தவள், ஒருநாள் பொறுப்பாள்.

26-4-83, செவ்வாய்

காலை பாவாயியிடம் சொன்னேன். முழுக்க. அவள் அழவில்லை, திட்டவில்லை. "அந்தம்மா இருக்குதுங்களா இன்னும்?" என்றாள். மாரப்பன் தாய். தெரியாது என்றேன். "தெரிஞ்சுக்கோணுமுங்க" என்றாள். பிறகு எழுந்து மாட்டைப் பிடித்துக் கட்டப் போனாள்.

போஸ்டாபீசிலிருந்து பேங்குக்குப் போன் போட்டுச் சரோஜாவைக் கூப்பிட்டேன். நாளை லீவு போட்டு முதல் பஸ்ஸில் தோட்டத்துக்கு வா, கேள்வி வேண்டாம் என்றேன். புத்தகத்துக்கு ஒப்புக்கொள்கிறீர்களா அப்பா என்று கேட்டாள். அதற்கும் நாளை பதில் என்றேன்.

திருச்செங்கோட்டுக்குப் போய் என் பழைய ரிக் முதலாளியைப் பார்த்தேன். கம்ப்ரசர் வண்டி இந்தப் பக்கம்தான் வேலைக்கு வந்திருக்கிறது, காலையில் அனுப்புகிறேன் என்றார். வார்த்தை தவறாத மனுசன். இருந்தாலும் வண்டி கண்ணில் தெரியும்வரை நம்பக்கூடாது.

நல்லசாமி எனக்கு முன்னால் கிணற்றுக்குப் போய்விடுவானோ என்ற நினைப்பு. ஐந்து மணிக்கே போய்க் கிணற்று மேட்டில் உட்கார வேண்டும்.

நாளை செய்ய வேண்டியவை:

எஞ்சின் கிணற்றுக்குள் இறங்கக்கூடாது. மேலேயே நிற்க வேண்டும். தண்ணீர் கொஞ்சம் கிடந்தால் கிடக்கட்டும். தடுப்பது: நான். ஸ்கூட்டர் சாவியை வாங்கி மடியில் வைப்பதும் நான்.

கம்ப்ரசர் குழாயை அடிவரை விட்டு முக்கால் மணி நேரம் காற்று அடிப்பது: ரிக் ஆட்கள். கடிகாரம் பார்ப்பது: கம்பவுண்டர். நாடி பிடிக்கிற கடிகாரம் அவரிடம் இருக்கிறது. அவருக்குச் சொல்லி அனுப்ப வேண்டும் (சரோஜா).

அதற்குப் பிறகு விளக்கு. அடித் தண்ணீர் மட்டம் வரை. எடுத்துவிட்டு மறுபடி ஒருமுறை. அதோடு கூடையில் கோழி, அரை மணி. கோழி தருவது: பாவாயி. தரமாட்டாள், கேட்க வேண்டும்.

கோழி சாய்ந்தால் அன்று வேலை இல்லை. பூ என்ன சொன்னாலும். இதை எல்லோர் முன்னாலும் சொல்வது: நான்.

இறங்குகிறவன் இடுப்பில் கயிறு, மேலே பிடிக்க மூன்று பேர். அவன் கூப்பிட்டுக்கொண்டே இருக்க வேண்டும். சத்தம் நின்றால் இழுக்க வேண்டும், பின்னாலேயே யாரும் இறங்கக்கூடாது. நல்லசாமி விழுந்தால் சரோஜா ஓடுவாள். அவளைப் பிடித்துக்கொள்வது: பாவாயி.

ஆட்டத்துக்கு: சேகரின் புத்தகமே இருக்கட்டும். நடுவர் சரோஜா. 31-ஆம் பக்கத்து 'தவறு' அழிப்பது: நான். என் நோட்டில் எரிபொருள் அட்டவணை நீங்கலாக மற்றதை வேண்டுமானால் எடுத்துக்கொள்ளலாம். ஏழாம் விதியை அடித்துவிட்டேன். பூப்போட்டதற்கு மூவரும் பதில் சொல்லியாக வேண்டும். அதை விடமாட்டேன். அது தனி.

மாரப்பன் தாய் இருக்கிறாளா என்று வாழப்பாடிக்குப் போய் விசாரிப்பது: நானும் பாவாயியும், இந்த வாரத்துக்குள்.

நாளை யாரும் கிணற்றை எட்டிப் பார்ப்பதற்கு முன், மேட்டில் வைத்து, நல்லசாமிக்கும் சரோஜாவுக்கும் மாரப்பனைப் பற்றிச் சொல்வது: நான்.

கயிறு எண்பது அடி. முடிச்சுப் போட்டு அளப்பது: நான். நான் அளந்ததை மறுபடி அளப்பது: சரோஜா.